சூதாட்டம் லீகல் ஆன நாடுகளில் என்ன ரூல்ஸ்? நம்ம சம்பளத்துக்கு அதில் இருக்கும் பாடம்



ஆன்லைன் கேம் வரி பற்றி நம்ம சேனல்ல வீடியோ போட்டதில் இருந்து ஒரே கேள்வி வேற வேற வடிவத்தில் வந்துக்கிட்டே இருக்கு. "சார், சிங்கப்பூர்ல கேசினோ லீகல். லண்டன்ல தெருவுக்குத் தெரு பெட்டிங் கடை இருக்கு. அமெரிக்காவுல மேட்ச் நடக்கும்போதே போன்ல பந்தயம் கட்டறாங்க. நம்ம ஊர்ல மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?"

நியாயமான கேள்விதான். ஆனா அந்த நாடுகளின் சட்டத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். அங்கே லீகல் என்றால் இஷ்டத்துக்கு ஆடலாம் என்று அர்த்தம் இல்லை. பணம் கையை விட்டுப் போற வழியில் எங்கேயாவது ஒரு இடத்தில் பிரேக் வச்சிருக்காங்க. எந்த நாடு எங்கே பிரேக் வச்சிருக்கு என்று தெரிஞ்சா, நம்ம சேலரி அக்கவுண்ட்டில் எங்கே வைக்கணும் என்பதும் தெரிஞ்சிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு கதை. சம்பந்தப்பட்டவர் அனுமதியோட, அடையாளம் தெரியாத மாதிரி மாத்தித்தான் எழுதறேன்.

ரீஃபண்ட் கேட்டு வந்த தம்பி

2024 ஜூலை. ஐடிஆர் கடைசித் தேதிக்கு பத்து நாள் இருக்கும்போது ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். வயசு 27, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, மாதச் சம்பளம் 62,000 ரூபாய்.

"சார், 42,000 ரூபாய் டிடிஎஸ் பிடிச்சிருக்காங்க. எனக்கு மொத்தத்துல நஷ்டம்தான். ரீஃபண்ட் வாங்கிக் கொடுங்க."

அவர் ஆடினது இரண்டு ஆப். ஒன்றில் வருஷக் கடைசியில் நிகரமா 1,40,000 ரூபாய் ஜெயிச்சிருந்தார். இன்னொன்றில் 3,10,000 ரூபாய் தோத்திருந்தார். கூட்டிக் கழிச்சா 1,70,000 ரூபாய் நஷ்டம். நஷ்டத்துக்கு எதுக்கு வரி என்பது அவர் கேள்வி.

கணக்கைப் பாருங்க. ஆன்லைன் கேமில் ஜெயிச்ச பணத்துக்கு 30% வரி. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆப்பில் நடந்ததை மட்டும்தான் பார்த்து டிடிஎஸ் பிடிக்கும். இந்த ஆப்பில் ஜெயிச்சதில் இருந்து அந்த ஆப்பில் தோத்ததைக் கழிக்க சட்டத்தில் இடமே இல்லை. அதனால 1,40,000-க்கு 42,000 ரூபாய் வரி நிச்சயம்.

இதோட முடியல. அவருடைய வருடச் சம்பளம் 7,44,000. நிலையான கழிவு 50,000 போனா 6,94,000. அந்த வருஷம் புதிய வரி முறையில் 7 லட்சம் வரைக்கும் ரிபேட் இருந்ததால், சம்பளத்துக்கு மட்டும் பார்த்தா வரி பூஜ்ஜியம். ஆனா கேம் பணம் 1,40,000-ஐயும் சேர்த்தா மொத்த வருமானம் 8,34,000. ரிபேட் போச்சு. சம்பளத்துக்கும் 24,400 ரூபாய் வரி வந்தது. இரண்டையும் கூட்டி 4% செஸ் சேர்த்தா 69,056. டிடிஎஸ் 42,000 போக இன்னும் 27,056 ரூபாய் கட்டணும். வட்டி தனி.

ரீஃபண்ட் கேட்டு வந்தவர்கிட்ட பணம் கட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வச்சார். ராத்திரி 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் 500, 1,000, 500, 2,000 என்று வரிசையா யுபிஐ. சம்பளம் வந்த முதல் அஞ்சு நாளில்தான் பெரும்பாலும். நடுவில் 2 லட்சம் ரூபாய் பர்சனல் லோன். அதுவும் அதே வழியில் போயிருந்தது.

"அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார்" என்றார்.

எனக்கு உறுத்தினது இன்னொரு விஷயம். அதுக்கு முந்தின வருஷ ரிட்டர்னையும் நான்தான் போட்டேன். அப்பவே ஏஐஎஸ்-ல் ஒரு சின்ன கேமிங் என்ட்ரி இருந்தது. வரியைக் கணக்குப் போட்டேனே தவிர, "என்ன தம்பி இது?" என்று ஒரு வார்த்தை கேட்கல.

சரி, இப்போ நாடுகளுக்குப் போகலாம். ஒவ்வொரு நாட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: இந்தத் தம்பி அங்கே இருந்திருந்தா எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருப்பார்?

பிரிட்டன்: கடன் வாங்கி ஆட முடியாது

பிரிட்டனில் பெட்டிங் கடைகள் 1961-ல் இருந்தே சட்டப்படி நடக்குது. இப்போ அமலில் இருக்கிறது 2005-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். லைசென்ஸ் கொடுக்கவும் கண்காணிக்கவும் 'கேம்ப்ளிங் கமிஷன்' என்று தனி அமைப்பு உண்டு. ஜெயிக்கிறவருக்கு வரி கிடையாது. கம்பெனிதான் வரி கட்டணும்.

கேட்க தாராளமா இருக்கு இல்லையா? ஆனா பட்டு, நொந்து, ஒவ்வொன்றா இறுக்கிக்கிட்டே வந்திருக்காங்க. பெட்டிங் கடைகளில் இருந்த ஒரு வகை மெஷினில் ஒரு தடவைக்கு 100 பவுண்டு வரை வைக்கலாம் என்று இருந்தது. 2019 ஏப்ரலில் அதை 2 பவுண்டா குறைச்சாங்க. நூறில் இருந்து இரண்டு! 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டு மூலம் சூதாடுவதற்கே தடை போட்டாங்க. காரணம் எளிமையானது: கையில் இருக்கிற பணம் தீர்ந்தா ஆட்டம் நிக்கும், கடன் பணம் தீராது.

2025-ல் ஆன்லைன் ஸ்லாட் ஆட்டங்களுக்கு வரம்பு வந்தது. 25 வயசுக்கு மேல் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு. 18-ல் இருந்து 24 வரைக்கும் 2 பவுண்டுதான். முதல் சம்பளம் வாங்கற வயசுதான் அதிக ஆபத்தான வயசு என்று அரசே ஒத்துக்கிட்ட மாதிரி இது.

'கேம்ஸ்டாப்' என்று ஒரு பதிவேடும் இருக்கு. "என்னை விளையாட விடாதீங்க" என்று நீங்களே ஒரு தடவை பதிவு பண்ணா, லைசென்ஸ் வாங்கின எல்லா ஆன்லைன் கம்பெனியும் உங்களை வெளியே நிறுத்தணும். ஆறு மாசம், ஒரு வருஷம், அஞ்சு வருஷம் என்று காலத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நடுவில் மனசு மாறி "திறந்து விடுங்க" என்று கேட்டாலும் திறக்க மாட்டாங்க.

சிங்கப்பூர்: வாசலில் கட்டணம், வீட்டுக்காரருக்கு அதிகாரம்

சிங்கப்பூரில் இரண்டே கேசினோதான்: செந்தோசாவில் ஒன்று, மெரினா பே சாண்ட்ஸ் ஒன்று. இரண்டும் 2010-ல் திறந்தது. டூரிஸ்ட் பணம் வேணும், ஆனா சொந்த மக்கள் கெட்டுப் போகக்கூடாது என்பது அவங்க கணக்கு. அதனால குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போகவே 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்டணும். நம்ம பணத்தில் சுமார் 10,000 ரூபாய். ஆரம்பத்தில் 100 டாலரா இருந்தது, 2019-ல் ஏத்தினாங்க. வயசு 21 ஆகியிருக்கணும். கேசினோவுக்குள் ஏடிஎம் வைக்க அனுமதி இல்லை.

இதைவிட முக்கியமானது குடும்ப விலக்கு. சூதாட்டத்தால் வீடு பாதிக்கப்பட்டா, மனைவியோ கணவனோ பெற்றோரோ விண்ணப்பிச்சு அந்த நபரை உள்ளே விடாம தடுக்க உத்தரவு வாங்கலாம். திவாலானவர்கள், அரசின் உதவித்தொகையில் வாழறவர்கள் பெயரெல்லாம் தானாகவே தடைப் பட்டியலில் வந்துடும்.

நம்ம ஊரில் இருந்து அங்கே வேலைக்குப் போயிருக்கிற தம்பிகள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த 150 டாலர் கட்டணம் கிடையாது. "நமக்கு ஃப்ரீ" என்று சந்தோஷப்படாதீங்க. அந்த பிரேக் உங்களுக்குப் போடப்படல, அவ்வளவுதான்.

ஜெர்மனி: எத்தனை ஆப் வச்சிருந்தாலும் ஒரே வரம்பு

2021 ஜூலையில் வந்த ஒப்பந்தப்படி ஜெர்மனியில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு ஒருவர் மாசத்துக்குப் போடக்கூடிய தொகை பொதுவா 1,000 யூரோ. இது ஒரு ஆப்புக்கான வரம்பு இல்லை. லைசென்ஸ் உள்ள எல்லா சைட்டுக்கும் சேர்த்து. ஒரு மையப் பதிவேட்டில் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். இந்த ஆப்பில் வரம்பு முடிஞ்சா அடுத்த ஆப்புக்குத் தாவ முடியாது. ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 1 யூரோ.

இரண்டு ஆப் வச்சிருந்த நம்ம தம்பியை ஞாபகம் வச்சுக்கோங்க. ஒன்றில் ஜெயிச்ச தைரியத்தில்தான் இன்னொன்றில் விட்டார்.

தென் கொரியா: மாசத்தில் பாதி நாள் மட்டும்

தென் கொரியாவில் பல கேசினோக்கள் இருக்கு, ஆனா அவை வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும். கொரியர்கள் போகக்கூடியது ஒன்றே ஒன்று, காங்வோன் லேண்ட். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடின மலைப் பகுதியைத் தூக்கி நிறுத்த 2000-ல் திறந்தது. அங்கேயும் ஒருத்தர் மாசத்துக்கு 15 நாளுக்கு மேல் போக முடியாது. தலைநகரில் இருந்து தூரம், நாள் கணக்கு, இரண்டுமே பிரேக். இவ்வளவு இருந்தும் கேசினோவைச் சுற்றி அடகுக் கடைகள் முளைச்சது. பிரேக் இருந்தா விபத்தே நடக்காது என்று இல்லை.

அமெரிக்கா: கதவைத் திறந்துட்டு யோசிக்கிற நாடு

அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயத்தை பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வச்சிருந்த 1992-ம் ஆண்டுச் சட்டத்தை 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதுக்குப் பிறகு 35-க்கும் அதிகமான மாநிலங்கள் அனுமதி கொடுத்திருக்கு. நாடு முழுவதுக்கும் பொதுவான டெபாசிட் வரம்பு கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற. மாசசூசெட்ஸ் மாதிரி சில மாநிலங்கள் கிரெடிட் கார்டை விடல.

இதுக்கு நேர் எதிர்ப் பக்கம் இத்தாலி. 2018-ல் வந்த உத்தரவில் சூதாட்ட விளம்பரத்துக்கே தடை போட்டுட்டாங்க. ஸ்பெயினில் டிவி, ரேடியோ விளம்பரத்தை ராத்திரி 1 மணியில் இருந்து 5 மணிக்குள் சுருக்கினாங்க. ஆட்டம் லீகல், ஆசை காட்டறது கிடையாது.

வரியில் யார் கறார்?

இது என் துறை என்பதால் ஒரு கணக்கு. ஒருத்தர் ஒரு ட்ரிப்பில் கேசினோவில் 5 லட்சம் ஜெயிக்கிறார். அடுத்த ட்ரிப்பில் அதே 5 லட்சத்தை விட்டுடறார். கையில் மிச்சம் பூஜ்ஜியம். வரி எவ்வளவு?

பிரிட்டனில்: ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில்: நஷ்டத்தை, ஜெயிச்ச தொகை அளவுக்குக் கழிக்கலாம் என்று இருந்தது, அதுவும் செலவுகளை விவரமா காட்டி ரிட்டர்ன் போடறவர்களுக்கு. 2026-ல் இருந்து நஷ்டத்தில் 90% மட்டும்தான் கழிக்க முடியும். அதாவது 50,000 ரூபாய்க்குச் சமமான தொகை வருமானமா நிக்கும்.

இந்தியாவில்: ஜெயிச்ச 5 லட்சத்துக்கும் 30% வரி, அதன் மேல் செஸ். மொத்தம் 1,56,000 ரூபாய். தோத்த 5 லட்சத்தை யாரும் கணக்கில் எடுத்துக்க மாட்டாங்க. கையில் ஒரு ரூபாய் இல்லாதவர் ஒன்றரை லட்சம் வரி கட்டணும்.

ரிபேட் வரம்பு இப்போ 12 லட்சம் ஆகியிருக்கு. அதனால நம்ம தம்பிக்கு நடந்தது நடக்காது என்று நினைக்காதீங்க. கேம், லாட்டரி பணத்துக்கான 30% வரியை ரிபேட் தொடாது. அந்தப் பணம் சேர்ந்து மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினா சம்பளத்துக்கான ரிபேட்டும் போயிடும். இன்னொன்று, இந்த வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது.

நம்ம நாட்டு நிலவரம்

பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்புப்படி மாநிலப் பட்டியலில் இருக்கு. அதனால்தான் கோவாவிலும் சிக்கிமிலும் கேசினோ, கேரளாவில் 1967-ல் இருந்து அரசே நடத்தும் லாட்டரி, தமிழ்நாட்டில் 2003-ல் இருந்து லாட்டரிக்குத் தடை என்று ஆளுக்கு ஒரு விதமா இருக்கு.

ஆன்லைன் ஆட்டத்துக்கு தமிழ்நாடு 2025-ல் கொண்டு வந்த விதிகளில் ஒன்று, ராத்திரி 12 மணியில் இருந்து காலை 5 மணி வரை பணம் வச்சு ஆடக்கூடாது என்பது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏத்துக்கிட்டது. தம்பியின் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்த எனக்கு அந்த நேரம் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கல.

அப்புறம் 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் சட்டம் வந்தது. திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் வச்சு ஆடற ஆன்லைன் கேம் எல்லாத்துக்கும் தடை. நடத்தறவர்களுக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் பண்றவர்களுக்கு 2 வருஷம், 50 லட்சம். ஆடறவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

"அப்போ பிரச்சினை முடிஞ்சது" என்று சொல்ல முடியுமா? முடியாது. டெலிகிராம் வழியா, வெளிநாட்டு சைட் வழியா இப்பவும் அழைப்பு வருது. லீகல் நாடுகளில் பார்த்த பிரேக் ஒன்றுகூட அங்கே கிடையாது. டெபாசிட் வரம்பு இல்லை, சுய விலக்கு இல்லை, புகார் பண்ண ஆள் இல்லை. கூடவே இரண்டு சிக்கல் இருக்கு:

1. இவங்க பணம் அனுப்பறது பெரும்பாலும் வேற யாரோ ஒருத்தர் பெயரில் இருக்கிற வாடகை அக்கவுண்ட் வழியா. அந்த அக்கவுண்ட் மேல் எங்கேயாவது சைபர் கிரைம் புகார் வந்தா, அதில் இருந்து பணம் வாங்கின உங்கள் சேலரி அக்கவுண்ட்டும் முடக்கப்படலாம்.

2. லாட்டரி, பந்தயம் மாதிரியானவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஃபெமா விதிகளில் அனுமதி இல்லை. ஜெயிச்ச பணத்துக்கு டிடிஎஸ் பிடிக்கல என்பதால் வரி இல்லை என்றும் ஆகாது.

நம்ம அக்கவுண்ட்டில் பிரேக் வைப்பது எப்படி?

மேலே பார்த்த எந்த நாடும் "ஆடறவர் கட்டுப்பாடா இருப்பார்" என்று நம்பல. கட்டுப்பாட்டை வாசலில், கார்டில், கடிகாரத்தில், குடும்பத்தின் கையில் வச்சிருக்காங்க. அதையே நீங்க உங்களுக்குப் பண்ணிக்கலாம்.

ஜெர்மனி பிரேக்: யுபிஐ-ஐ சேலரி அக்கவுண்ட்டோட இணைக்காதீங்க. இரண்டாவது அக்கவுண்ட் ஒன்று வச்சு, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதுக்கு மாத்துங்க. எஸ்ஐபி, ஆர்டி எல்லாம் சம்பளம் வந்த மறுநாளே போற மாதிரி வைங்க.

பிரிட்டன் பிரேக்: கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் பேங்க் ஆப்பில் நீங்களே ஆஃப் பண்ணலாம். தேவைப்படும்போது மட்டும் ஆன் பண்ணுங்க. ஆட்டத்துக்காக ஒரு ரூபாய்கூட கடன் வாங்கக்கூடாது. ஏற்கெனவே வாங்கியிருந்தா, அது நிறுத்த வேண்டிய நேரம் தாண்டிப் போச்சு என்பதுக்கு அடையாளம்.

தமிழ்நாடு பிரேக்: ராத்திரி 10 மணிக்கு மேல் எந்தப் பணமும் அனுப்பறதில்லை என்று வச்சுக்கோங்க. காலையில் எழுந்து பார்த்தா பாதி ஆசை போயிருக்கும்.

சிங்கப்பூர் பிரேக்: இதுதான் கஷ்டம், இதுதான் வேலை செய்யும். வீட்டில் ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. மாசம் ஒரு தடவை உங்கள் ஸ்டேட்மென்ட்டை அவர் பார்க்கட்டும்.

இத்தனைக்கும் பிறகும் கை நிக்கலைன்னா, அது ஒழுக்கக் குறைவு இல்லை, சிகிச்சை இருக்கிற பிரச்சினை. அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வர்றேன். வரியை வட்டியோட கட்டினார். ஐடிஆர்-2 போட்டோம். அன்றைக்கு எழுந்து போகும்போது, "அம்மாகிட்ட சொல்ல முடியலன்னா வேற யார்கிட்ட சொல்ல முடியும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, "அக்காகிட்ட" என்றார். என் ரூமில் இருந்தே போன் போட்டார். நான் வெளியே போய் நின்னுக்கிட்டேன்.

அடுத்த ஜூலையில் வந்தார். ஏஐஎஸ்-ல் கேமிங் என்ட்ரி எதுவும் இல்லை. லோன் இஎம்ஐ மட்டும் இன்னும் ஓடிக்கிட்டு இருந்தது. ஸ்டேட்மென்ட்டை மாசா மாசம் அக்காவுக்கு அனுப்பறதா சொன்னார். அந்த வருஷத்தில் இருந்து, யாருடைய ஏஐஎஸ்-ல் அந்த என்ட்ரி வந்தாலும் வரிக் கணக்கு போடறதுக்கு முன்னாடி நான் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.

நீங்களும் இன்றைக்கே ஒரு வேலை பண்ணுங்க. போன மூணு மாச யுபிஐ ஹிஸ்டரியை எடுத்து, ராத்திரி 10 மணிக்கு மேல் போன தொகையை மட்டும் கூட்டிப் பாருங்க. வரி சம்பந்தமா சந்தேகம் இருந்தா கமெண்டில் கேளுங்க, அடுத்த வீடியோவில் பதில் சொல்றேன்.